பூட்டி வைத்த வாட்ஸ்அப் குழு

போடியிலிருந்து தினமும் பஸ்சில் போய், தேவாரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, பாட வீடியோக்களை அதில் போடுவேன். நடுவே சாமி படங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் குவிந்தன. ஆசிரியர்களின் டெலிகிராம் குழுவில் இதைச் சொன்னபோது, அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிடச் சொன்னார்கள். அன்றே பூட்டினேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பஸ்சை விட்டு இறங்கினால், பள்ளி வாசலில் கூட்டம். பிள்ளைகள் நடந்து வரும் வாய்க்கால் பாதையை ஒட்டிய தென்னந்தோப்பில் யானை நின்றிருக்கிறது. அதைப் பார்த்த என் மாணவி கவிதாவின் அப்பா முருகன், பாதைக்கு ஓடிப்போய், வந்துகொண்டிருந்த மூன்று பிள்ளைகளைச் சுற்றுவழியில் கூட்டி வந்திருக்கிறார்.

"குரூப்புல சொல்லிரலாம்னு பாத்தேன் டீச்சர். வாய்ஸ்ல பேசிப் போட விடல. நம்ம போனுல ஏதோ கோளாறுன்னு நெனச்சு, வெரசா நானே ஓடிட்டேன்," என்றார்.

கோளாறு போனில் இல்லை, குழுவைப் பூட்டியது நான். வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். பயமோ அழுகையோ எதுவுமே வரவில்லை. மதியச் சோறு ருசி தெரியாமல் இறங்கியது. மாலையில்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"பிள்ளைக வந்துருச்சுல்ல, விடுங்க டீச்சர்," என்றார்.

நடந்ததை ஆசிரியர் குழுவிலும் எழுதினேன். பலர் கைகூப்பும் படம் போட்டார்கள். வகுப்புக் குழுவின் பூட்டை அன்றே எடுத்துவிட்டேன்.

இப்போது எங்கள் வகுப்புக் குழுவில் யாரும் எழுதலாம், பேசலாம். காலையில் அதில் வந்ததையெல்லாம் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன்.