மூன்றாவது விளக்கின் நிறம்

தெருவில் எல்லோருக்கும் அவர் பூட்டுக்காரர். சாவியைத் தொலைத்தவர்களும் கதவைச் சாத்திவிட்டு வெளியே மாட்டிக்கொண்டவர்களும் அவரைத்தான் தேடி வருவார்கள். மனைவி வீட்டிலிருந்தபடியே ஜன்னல் திரைகள் தைப்பவள். ஆர்டர்கள் போனில் வருவதால் வைஃபை பெட்டி வாங்கி, கூடத்து அலமாரியின் மேல் வைத்திருந்தார்கள். அதை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை நெட் நின்றுவிட்டது.

"கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. நான் அளவெடுத்துட்டு வந்துடறேன்" என்று மனைவி கிளம்பிப் போனாள்.

போனில் பேசிய பெண் பொறுமைசாலி. "மேலேர்ந்து மூணாவது விளக்கு எரியுதா சார்?"

"எரியுது."

"பச்சையா, சிவப்பா?"

ஸ்டூலில் ஏறி நின்று பார்த்தார். எல்லா விளக்கும் ஒரே மங்கலான மஞ்சளாகத்தான் தெரிந்தன. "பச்சைதாம்மா" என்றார்.

"அப்போ லைன் நல்லாத்தான் இருக்கு. உங்க போன்லதான் ஏதோ கோளாறு."

அவள் சொன்னதையெல்லாம் அணைத்தார், போட்டார், அழுத்தினார். போனில் இருந்த பாஸ்வேர்டு அழிந்துபோனதுதான் மிச்சம்.

திரும்பி வந்த மனைவி, கழுத்தில் கிடந்த டேப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைப் பார்த்தாள். "சிவப்பா எரியுதே, சொன்னீங்களா?"

"பச்சைன்னு சொன்னேன்."

"கண்ணை எங்க வச்சிருந்தீங்க?"

அவர் ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தினார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். சின்ன வயசுலேர்ந்தே."

பள்ளியில் வரைந்த மரத்துக்குச் சிவப்பு இலை போட்டதற்கு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து யாராவது நிறத்தைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் சொன்னால் வேண்டாம் என்பாளோ என்று பயம். பின்னால் சொன்னால் ஏன் முன்பே சொல்லவில்லை என்பாளோ என்று பயம். இப்படியே மகளுக்கும் கல்யாணமாகிவிட்டது.

மனைவி தையல் மிஷின் முன் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ சிவப்பு நூல் கேட்டா பச்சையை வாங்கிட்டு வந்தது?"

"ரெண்டுல ஒண்ணுன்னு எடுத்தேன்."

"கடைக்கு அனுப்பக் கூடாதுன்னு வேணும்னே பண்றீங்கன்னு நினைச்சேன். எவ்வளவு திட்டியிருக்கேன்."

"திட்டு வாங்குறது சுலபமா இருந்துச்சு" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுபடியும் அதே பெண்தான் எடுத்தாள். "கலர் மட்டும் கேக்காதீங்கம்மா. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது." வெளியாள் ஒருவரிடம் இதைச் சொல்வது அவருக்கு அதுவே முதல்முறை.

"அதனால என்ன சார். விளக்கு விட்டு விட்டு எரியுதா, அசையாம எரியுதா?"

"அசையாம."

"அப்போ லைன் வரல. நல்லா இருந்தா விட்டு விட்டுத்தான் எரியும். ஆளை அனுப்பறேன்."

அவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு.

மதியம் வந்த லைன்மேன், மாடியில் எலி கடித்த வயரை மாற்றிக் கொடுத்தார். விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கியதை முதலில் பார்த்துச் சொன்னவர் பூட்டுக்காரர்தான்.

சாயங்காலம் மகள் போனில் வந்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டு ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

"அப்போ என்னை ஒருதடவை வேற ஸ்கூல் பஸ்ல ஏத்திவிட்டாரே, அதுவும் இதனாலதானா?"

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல" என்றார் பூட்டுக்காரர். "அன்னிக்குத் தூக்கக் கலக்கம்."