ஒரு பாத்திரத்துக்கு ஓர் அகப்பை

பூஞ்சணம் பிடித்த ஈரத்துணியின் நாற்றம் மூக்கில் ஏறினால், கல்முனையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்த அந்தச் சேர் ஞாபகத்துக்கு வந்து இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் டியூஷன் நடத்திய தகரக்கூரை மண்டபத்தில் ஆண்களுக்கும் எங்களுக்கும் நடுவே மழையில் நனைந்த திரையொன்று தொங்கும். பெண்பிள்ளைகள் வாய்திறந்து கேள்வி கேட்பதில்லை, காகிதத்தில் "துண்டு" எழுதித் திரைக்கு அடியால் தள்ளுவோம், அவர் எடுத்து மைக்கில் வாசிப்பார்.

ஒரு நோன்பு மாதத்தில், வெளிச்சத்தைக் கூட்டினால் உலோகத்திலிருந்து தெறிக்கும் ஒவ்வோர் இலத்திரனின் சக்தியும் கூடும் என்று அவர் அடித்துச் சொன்னார். புத்தகம் வேறு சொன்னது. நான் துண்டு எழுதினேன்: பள்ளிவாசலில் கஞ்சி ஊற்ற இன்னும் பத்துப் பேர் வந்தால் கூடுதல் பாத்திரங்கள் நிறையும், ஆனால் ஒரு பாத்திரத்துக்கு ஓர் அகப்பைதான், அதுபோல ஓர் இலத்திரனுக்குப் போட்டன் என்ற ஒளித்துகள் ஒன்றுதான். அகப்பையின் அளவைத் தீர்மானிப்பது ஒளியின் மீடிறன் என்ற அதிர்வெண்தான், செறிவு அல்ல.

"கஞ்சிக் கணக்கு எழுதின புள்ள ஆரு? எழும்பு! குசினியில சோறாக்கப் போறவளுக்கு என்னத்துக்கு பிசிக்ஸ்?" என்று மைக் அலறியது. திரைக்கு அப்பால் சிரிப்பு வெடித்தது. மன்னிப்புத் துண்டு தராமல் வகுப்புக்கு வரக்கூடாது என்றார்.

வாப்பா கெஞ்சினார். "மகள், ஊருல பிசிக்ஸுக்கு இவர விட்டா ஆளில்ல. சோதின முடியுமட்டும் பொறு, எழுதிக் குடு." எழுதினேன், நான் சொன்னது பிழை என்று. அதையும் மைக்கில் வாசித்தார், இரண்டு தடவை. பொய்க்குக் கையெழுத்திட்ட என்னையும் நான் மன்னிக்கவில்லை.

சோதனையில் அதே கேள்வி வந்தது. நான் கஞ்சியை நினைத்துக்கொண்டு சரியாக எழுதினேன். பக்கத்து வாங்கில் இருந்து எழுதிய தோழி அவர் சொன்னதை எழுதிவிட்டு வெளியே வந்து அழுதாள்.

இப்போது அந்த மண்டபம் இல்லை, திரையும் இல்லை; பிள்ளைகள் போனில் படிக்கிறார்கள். போன மாதம் நான் படித்த பாடசாலையின் பரிசளிப்பு விழாவில், பொறியியலாளராகிவிட்ட என்னைக் காட்டி, "இது என்ட கையால படிச்ச புள்ள" என்று விருந்தினராக வந்திருந்த அவர் மேடையில் முழங்கினார். சபையிலிருந்த நான் ஒரு துண்டு எழுதி மேடைக்கு அனுப்பினேன்: "வெளிச்சத்தைக் கூட்டினால் இலத்திரனின் சக்தி கூடுமா, சேர்?"

அவர் பிரித்துப் பார்த்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு துண்டை மட்டும் அவர் மைக்கில் வாசிக்கவில்லை.