ஊறுகாய் பாட்டிலில் வந்த சளி

ஷார்ஜாவில் ஒரு கல்லூரியில் பயாலஜி சேர்ந்த முதல் வாரமே, துபாய் தேராவில் நாங்கள் குடியிருந்த கட்டடம் என்னை டாக்டராக்கிவிட்டது. எல்லாம் அந்த வெள்ளை லேப் கோட்டால் வந்த வினை. உம்மா அதைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட, பார்த்தவர்கள் எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். இந்தப் பட்டம் முடித்து, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் அப்புறம்தான் டாக்டர் படிப்பே ஆரம்பம் என்று லிஃப்டில் நின்று நின்று விளக்கினேன். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? மேல்மாடிக்காரம்மா பேரனின் நாக்கை நீட்டச் சொல்லிக் காட்டினார். வாப்பாவோ மறுப்புச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போவார்.

எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் சிவகங்கைப் பக்கத்துக்காரர். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரு மாதமாக விடாத இருமல். விசா புதுப்பிக்கும் நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மெடிக்கல் உண்டு, நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். நெஞ்சில் ஏதாவது தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் தங்கும் ரூமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாதாரண கிளினிக்குக்குப் போனால்கூட கம்ப்யூட்டர் வழியாக விசா ஆபீசுக்குச் சேதி போய்விடும் என்று அவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, மிட்டாயைச் சப்பியே இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை கல்லூரி பஸ்ஸுக்கு ஓடுகிறேன். லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தி, பையில் சுற்றிய பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். லீவில் போய்வரும்போதெல்லாம் அவர் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் எங்களுக்கு வரும். அதே பாட்டில்தான். உம்மாவுக்குப் பிடிக்குமே என்று வாங்கிக்கொண்டேன்.

"ஊறுகா இல்ல பாப்பா, சளி" என்றார். "ஒங்க காலேஜு மிஷின்ல வச்சுப் பாத்து டிபி இருக்கா இல்லையான்னு சொல்லீரு. யாருக்கும் தெரிய வேணாம்."

எனக்கு வந்ததே கோபம்! நாங்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தது வெங்காயத் தோலை. இதைக் கொண்டுபோனால் பாட்டிலோடு சேர்த்து என்னையும் வெளியே தள்ளுவார்கள். நிஜமாகவே டிபியாக இருந்தால் அவரோடு ரூமில் படுப்பவர்கள் கதி என்ன? பஸ் போனால் போகிறது என்று அங்கேயே நின்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டவர், "எனக்கு வேற ஆரைத் தெரியும் பாப்பா?" என்றார். பாட்டிலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

வாப்பாவிடம் மட்டும் சொல்லட்டுமா என்று கேட்டு, வாட்ச்மேன் சம்மதித்த பிறகுதான் சொன்னேன். அன்று சாயங்காலம் வாப்பா தன் கடையை வேலைக்கு நிற்கும் பையனிடம் விட்டுவிட்டு வந்தார். மூவரும் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியை அவர்கள் டப்பாவிலேயே புதிதாக வாங்கிக்கொண்டார்கள். முடிவு வருகிற வரைக்கும் வாட்ச்மேன் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார்.

முடிவு வந்த அன்றும் மூவருமாகவே போனோம். மலையாளி டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, டிபி இல்லை, நெஞ்சு சுத்தம், இருமல் தூசியால் வந்த அலர்ஜி என்று பாதித் தமிழில் சொன்னார். வாட்ச்மேன் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ பாத்துச் சொல்லு பாப்பா."

பார்த்தேன். விலா எலும்பு தெரிந்தது. இதயம் தெரிந்தது. மற்றதெல்லாம் ஒரே புகை. பள்ளிக்கூடத்தில் நுரையீரல் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கியவள் நான். அந்தப் புகையில் எது நோய், எது நோயில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. சும்மா தலையாட்டியிருந்தால்கூட அவர் சந்தோஷமாக எழுந்து வந்திருப்பார்.

"எனக்கு இதைப் பாக்கத் தெரியாதுண்ணே. அவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே நிதானமாக இன்னொரு தடவை காட்டினார். இந்தத் தடவை வாட்ச்மேன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஊருக்குப் போன் போட்டார். இருமலைப் பற்றி மூச்சு விடவில்லை. "கொத்தனாரை வரச் சொல்லு. நம்ம வீட்டுக்கு நிப்பாட்டி வச்ச காங்கிரீட்ட இந்த மாசமே போட்டுருவோம்" என்றார்.

வாப்பா காரில் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒரு டாக்டர் சொன்ன சொல்லை நம்பி சிவகங்கைப் பக்கம் ஒரு வீட்டுக்கு மேல்தளம் போடப் போகிறார்கள். நான் படிக்கப் போகும் படிப்பை நினைத்து அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தேன்.