நடு றோட்டில் ஒரு நித்திரை

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருசம், சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஆனி மாதக் கடைசியில் நடந்தது இது. இடம், புங்குடுதீவையும் வேலணையையும் சேர்க்கிற நீளமான கடல் பாலம்.

எனக்கு ஊர் வேலணைப் பக்கத்து நாரந்தனை. வெங்காயமும் கொஞ்சம் புகையிலையும் வைக்கிறவன். எனக்கு வாய் கெட்டது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அக்கா நயினாதீவில் கலியாணம் முடித்து இருக்கிறா. அன்றைக்கு அவ வீட்டுக்குப் போனவன், பொழுதுபடுகிற நேரத்தில் அத்தானோடு சண்டை பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சண்டை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற ஓர் இறைப்பு மெசினைப் பற்றியது. நான் இரவல் கொடுத்த மெசினை அவர் திருப்பித் தரவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த நேரத்தில் மெசின் அவருக்கும் உதவாது, எனக்கும் உதவாது. ஆனாலும் சண்டை பிடித்தோம்.

அக்கா படலை வாசல் வரைக்கும் பின்னால் வந்தா.

"சாப்பிட்டிட்டுப் படுத்து எழும்பி விடியப் போவன்ரா. அங்கால இறங்கினா பஸ் ஒண்டும் ஓடாது."

"நடந்து போவன். இந்த வீட்டில இனித் தண்ணியும் குடிக்க மாட்டன்."

அப்படிச் சொல்லிவிட்டுக் கடைசி லோஞ்சில் ஏறினேன். காற்றில் லோஞ்ச் ஆடியது. கோயில் கோபுரமும் விகாரையின் வெள்ளை மண்டபமும் பின்னால் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் நிலத்தைத் தொடாமல் தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரித் தெரிந்தன. இறங்குகிற வெயிலில் கடல் மினுக்காத செப்புப் பானையின் நிறத்தில் இருந்தது. கோபத்தில் இருக்கிறவனுக்கு இப்படி ஒரு காட்சியைக் காட்டக்கூடாது. கோபத்தை வைத்திருக்கவும் ஏலாது, விடவும் மனம் வராது.

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் இறங்கினால், அக்கா சொன்ன மாதிரியே பஸ் இல்லை. என்னோடு வந்தவர்கள் பூட்டி வைத்திருந்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் நடந்தேன். கரண்டும் இல்லை. றோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் வெளிநாட்டுக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கிற வீடுகள். ஒரு வாகனச் சத்தம் கிடையாது. பனைகள் மட்டும் காற்றில் உரசிக்கொண்டு நின்றன. எந்த ஊரில் நடக்கிறேன் என்பதே இடைக்கிடை மறந்துபோனது. நடக்கிறேனா, றோட்டுத்தான் எனக்குக் கீழே ஓடுகிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு எல்லாம் வெறுமையாகக் கிடந்தது.

அந்த நேரம் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. கையைக் காட்டினேன். இளம் பெடியன் ஒருவன் நிறுத்தினான்.

"ஏறுங்கோ அண்ணை. வேலணைச் சந்தியில விட்டிடுறன்."

ஏறிக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் மணம் வந்தது. மோட்டார் சைக்கிளும் நேராக ஓடவில்லை.

"தம்பி, குடிச்சிருக்கிறியோ?"

"கள்ளுத்தானே அண்ணை. அது மரத்தில இருந்து வாற சாமான்."

"நிப்பாட்டடா! மரத்தில இருந்து வந்தது ரெண்டு பேரையும் கடலுக்கை இறக்கப் போகுது."

"பெற்றோல் இல்லாத நேரத்தில சும்மா ஏத்திக்கொண்டு வாறன், அதுக்கை உங்களுக்குக் குறையும் சொல்ல வேணும் என்ன?"

பாலம் தொடங்குகிற இடத்தில் என்னை இறக்கிவிட்டான். "நடவுங்கோ அண்ணை, விடிய வேலணையைக் காணலாம்," என்று சிரித்துக்கொண்டு போனான். அவனுடைய சிவப்பு லைற் பாலத்தின் மேலே நெளிந்து நெளிந்து சிறுத்து, நெருப்புக்குச்சி நுனி மாதிரி ஆகி, இல்லாமல் போனது. அவன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பான். அடுத்த நாள் பாலத்துக்குக் கீழே ஒன்றும் விழுந்து கிடக்கவில்லை.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வழியில் ஒருவனிடம் ஏறினால் ஆளைப் பார்க்க வேண்டும், சரியில்லை என்றால் வெட்கம் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். இது என் கொள்கை. காசை இடுப்பு மடிப்புக்குள் வைத்திருந்தேன். கையில் பை கிடையாது. என்னை யாரும் ஏமாற்ற ஏலாது என்ற நினைப்பில் நடந்தேன்.

பாலத்தில் கொஞ்சத் தூரம் போனதும் செருப்பு வார் அறுந்தது. சாப்பிடாத வயிறு. போனில் சார்ஜ் இல்லை. நட்சத்திரங்கள் மேலேயும் இருந்தன, இரண்டு பக்கத் தண்ணீரிலும் இருந்தன. நடுவில் கறுப்பாக ஒரு கோடு, அதில் நான். கரைக் கல்லில் மோதிய அலை பச்சையாக மின்னி மின்னி அணைந்தது. கொஞ்ச நேரம் படுத்து எழும்பலாம் என்று நினைத்தேன்.

எங்கே படுப்பது என்பதையும் நன்றாக யோசித்தேன். ஊர்ப் பக்கம் திரும்பிப் போனால் நாய்களும் நுளம்புக் கடியும். றோட்டுக் கரையில் கல்லும் புல்லும். புடையன் பாம்பு கிடக்கும். தார் றோட்டில்தான் ஒன்றும் இல்லை. பகல் வெயிலைக் குடித்த தார் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. காற்றுக்கு நுளம்பு கிட்ட வராது. வாகனம் வருமா? எந்த வாகனம்? பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை. இலங்கையிலேயே பாதுகாப்பான படுக்கை இதுதான் என்று முடிவெடுத்து, சேட்டைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு வைத்து, நடு றோட்டில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன்.

அப்படி ஒரு நித்திரை அதற்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை.

கனவு கண்டேன். அத்தான் கடலுக்கு மேலே நடந்து வருகிறார். தலையில் இறைப்பு மெசின். என் பக்கத்தில் குனிந்து, "எழும்பும், எழும்பும்," என்கிறார். எனக்கு ஆத்திரம் வந்து வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். அவர் போய்விட்டார். பிறகு பச்சை இலை மணம் வந்தது. என்னைச் சுற்றி ஒரு தோட்டம் முளைக்கிறது, மெசின் தானாக ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது. பிறகு கிட்டத்தில் பெரிய இரைச்சல். கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் வந்து போனது. உடம்பெல்லாம் சூடாக ஒரு காற்று அடித்தது. மழை வரப்போகுது என்று கனவுக்குள்ளேயே நினைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

கண் விழித்தபோது விடியப்புறம். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எழும்பி இருந்து பார்த்தால், கனவு இன்னும் முடியவில்லை என்றே நினைத்தேன். கால்மாட்டில் கொஞ்சம் தள்ளி றோட்டுக்குக் குறுக்கே ஒரு சைக்கிள் படுத்துக் கிடந்தது. அதற்கு அங்கால் பூவரசங் குழைகள், இலையும் கொப்புமாக ஒரு குவியல். தலைமாட்டுப் பக்கமும் தள்ளித் தள்ளிக் குழைகள். அவற்றுக்கு நடுவில் கல் அடுக்கி ஒரு தடியை நிறுத்தி, அதில் வெள்ளைச் சேட் ஒன்று காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. சேட்டுக்குப் பக்கத்தில், வெறும் மேலோடு ஒருவர் குந்தி இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் றோட்டில் லொறி பழுதாகி நின்றால் முன்னுக்கும் பின்னுக்கும் குழை முறித்து வைப்பார்கள். வருகிற வாகனம் அதைப் பார்த்து விலகிப் போகும். இந்த மனிசன் எனக்கு வைத்திருக்கிறார்.

எனக்கு உடனே கோபம்தான் வந்தது. வேறு என்ன வரும்?

"என்ன அண்ணை இது விளையாட்டு? ஏன் என்னை எழுப்பேல்லை?"

அவர் ஆறுதலாகத் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கலாம். நண்டு வலைக்குப் போகிறவர் என்று பக்கத்தில் கிடந்த பறிக் கூடையைப் பார்க்கத் தெரிந்தது.

"எழுப்பினனான். நீர் எழும்பேல்லை. என்ரை தாயையும் இழுத்து, தேப்பனையும் இழுத்து ஏசிப்போட்டுத் திரும்பிப் படுத்தனீர்."

"நானோ?"

"பின்னை என்ன, இந்தச் சைக்கிளோ ஏசினது? தோளில தட்டினன், கையை ஓங்கிக்கொண்டு வந்தீர். லொறி எண்டாத் தள்ளி ஓரத்தில விடலாம். உம்மைத் தள்ளினா அடிப்பீர் போல கிடந்தது. அதுதான் இப்பிடியே கிடவும் எண்டு விட்டிட்டன்."

"விட்டிட்டுப் போயிருக்கலாமே."

"போகலாம்தான்," என்றார்.

பாலத்தில் மரம் கிடையாது. சைக்கிளைக் குறுக்கே போட்டுவிட்டு, ஊர்க்கரை வேலி வரைக்கும் நடந்து போய்க் குழை முறித்துக்கொண்டு வந்திருக்கிறார். முதல் கொண்டுவந்தது காணாது என்று மறுபடியும் போயிருக்கிறார். இருட்டில் குழை தெரியாது என்று சேட்டையும் கழற்றிக் கட்டியிருக்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாகனமே ஓடாத றோட்டில் இந்த ஆள் என்னத்துக்கு இவ்வளவு பாடுபட்டார் என்று ஒரு நக்கலும் வந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அப்போதுதான் தலைமாட்டுப் பக்கக் குழைகளை நன்றாகப் பார்த்தேன். ஓரத்தில் கிடந்த குழைகள் நசிந்து, தாரோடு ஒட்டி, கறுத்துப்போய்க் கிடந்தன. அதன் மேலே டயர் அச்சு. அகலமான டயர். நான் தலை வைத்துப் படுத்த இடத்திலிருந்து கையை நீட்டினால் தொடலாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழும்பாமலே உருண்டு போய்த் தொடலாம்.

"கூலர் போனது," என்றார் அவர். மீனும் நண்டும் ஏற்றுகிற குளிர் லொறி. "உமக்குத்தான் எண்ணெய் இல்லை. அவனுக்கு எங்கையோ கிடைச்சிருக்கு."

எழும்பி நின்ற நான் திரும்பவும் தாரில் குந்திவிட்டேன். அவர் குழைகளைப் பொறுக்கிக் கரையில் எறிந்தார், சேட்டை உதறிப் போட்டார், சைக்கிளை நிமிர்த்தினார். ஏதோ கடை பூட்டுகிற மாதிரி, அவசரம் இல்லாமல் செய்தார்.

வலை இழுக்கிற நேரம் அவருக்கு எப்போதோ தப்பிப்போயிருந்தது. நானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரோடு தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால் அளவு தண்ணீர். சூரியன் வர, அந்தச் சாம்பல் கடல் மெல்ல மெல்ல ஊதா நிறமாகி, பிறகு பால் மாதிரி ஆனது. வலையில் சிக்கின நண்டைக் கழற்றப் போய் என் விரலில் கடி வாங்கினேன். கத்தினேன்.

"ஏசத் தெரிஞ்ச அளவுக்கு நண்டு கழட்டத் தெரியாது உமக்கு," என்று அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

பாதி வலைதான் முடிந்திருக்கும், கூலர் மற்றவர்களுடைய நண்டை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது. எங்களைக் கண்டு சாரதி மெதுவாக்கி, தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணை, படுத்துக் கிடந்த ஆள் உயிரோடையோ?"

அவர் என்னைக் கையால் காட்டினார்.

சாரதி என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்ரை வாகனத்துக்கு ஒரு பக்க லைற்றுத்தான் எரியுது. குழை ரயரில ஏறின பிறகுதான் வெட்டித் திருப்பினனான். இல்லாட்டி ஆரோ சாக்கு விழுத்திப்போட்டுப் போட்டாங்கள் எண்டு மேலால ஏத்திக்கொண்டு போயிருப்பன்."

அவன் நின்று நண்டு வாங்கவில்லை. ஐஸ் உருகுகிறது என்று போய்விட்டான். அன்றைய நண்டை அந்த மனிசன் எங்கே கொண்டுபோய் விற்றார், விற்றாரா இல்லையா, எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை. என் இடுப்பு மடிப்புக்குள் இருந்த காசை எடுத்து நீட்டினேன்.

"உள்ளுக்கை வையும். செருப்பு வாங்கும்," என்றார்.

வெறுங்காலோடு பாலத்தைக் கடந்து, வேலணையில் ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் இடம் பிடித்து, மத்தியானம் வீடு வந்தேன். என் மனிசியிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் சொன்னபோது அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அந்த ஆளுக்கு நன்றி சொன்னீங்களோ?" யோசித்துப் பார்த்தேன். காசு நீட்டினது நினைவிருக்கிறது, கத்தினது நினைவிருக்கிறது. அந்தச் சொல்லைச் சொன்ன நினைவு இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பாலத்தால் போகும்போது இரண்டு மூன்று தடவை அவரைக் கண்டேன், சொல்லியும் விட்டேன். "எதுக்கு?" என்று கேட்டார். மறந்துபோயிருந்தார்.

வழிப்பயணம் போகிறவர்களுக்கு நானும் புத்தி சொல்வேன். குடித்தவன் பின்னால் ஏறாதே, காசைக் காட்டாதே, எவ்வளவு வெறுமையாகக் கிடந்தாலும் றோட்டில் படுக்காதே. எல்லாம் சரியான புத்திதான். ஆனால் அன்றைக்கு என்னைக் காத்தது ஒரு மனிசன். அவருடைய இடத்தில் நான் இருந்து, அந்த ஏச்சை நான் வாங்கியிருந்தால், சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த நிமிசமே போயிருப்பேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் றோட்டோரம் ஒருவன் சுருண்டு கிடப்பதைக் கண்டால் இப்போது சைக்கிளை நிறுத்திவிட்டு, அவன் என்ன ஏசினாலும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.