புகைப்பெட்டியின் கதவு

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இவருக்கு ஆக்கவே பொறுக்காது. அப்படிப்பட்டவர் கையில் போய் கறியைப் புகையில் வாட்டி உலர்த்தும் எலெக்ட்ரிக் ஸ்மோக்கர் ஒன்று சிக்கினால் என்ன ஆகும்? வீட்டின் பின்புறம் சின்ன பீரோ மாதிரி நிற்கும் அந்தப் புகைப்பெட்டியின் கதவை ஓயாமல் திறந்து பார்ப்பார். குப்பென்று புகை வெளியேறும், சூடும் கூடவே போகும். சாயங்காலம் பார்த்தால் ஒரு தட்டுக் கறி காய்ந்திருக்கும், இன்னொன்று ஈரமாகக் கிடக்கும்.

ஒரு காலத்தில் அவர் கட்டட வேலையில் வானளாவ நிற்கும் டவர் கிரேன் ஓட்டியவர். காதுக்குள் ஏதோ நோய் வந்து தலைசுற்றல் பிடித்துக்கொண்டது. இப்போது ஸ்டூல் மேல் ஏறினாலே வீடு சுழலும். கீழே நின்று அவருக்குக் கொடி காட்டிச் சைகை செய்துகொண்டிருந்த மனைவி பயிற்சி முடித்து, அவருடைய இருக்கையிலேயே போய் உட்கார்ந்துவிட்டாள்.

கிரேனில் ஏறிவிட்டால் சாப்பாட்டுக்கென்று இறங்கி ஏறுவது பெரும்பாடு. சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒரு கையால் மெல்லுகிற மாதிரி ஏதாவது வேண்டும். அதற்குத்தான் உப்புக்கண்டம் மாதிரியான இந்த மாட்டிறைச்சி ஜெர்க்கி. கொழுப்பு இருந்தால் சீக்கிரம் கெட்ட வாடை அடிக்கும் என்று துளி விடாமல் சீவி எறிவார். பாதி உறைந்த கறியை மெல்லிய பட்டைகளாக நறுக்கி, சோயா சாஸிலும் மிளகிலும் பூண்டிலும் ஊறவைத்து, துணியால் ஒற்றித் தட்டுகளில் பரப்புவார். அதுவரை அவர் கைக்குக் குறை சொல்ல முடியாது. கதவைச் சாத்தியதும்தான் அந்தக் கை குறுகுறுக்கும்.

அதே கை போனையும் எடுக்கும். "எப்ப எறங்குவ?" என்று ஒரே கேள்வி, நாள் முழுக்க.

போன வாரம் ஒரு இரும்புத் தூண் அந்தரத்தில் தொங்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. அவள் கை தடுமாற, தூண் ஆட, கீழே இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் அடியில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்:

"வேலை நேரத்துல இன்னொரு தடவ போன் அடிச்சா என்னைக் கீழ எறக்கிடுவாங்களாம். உங்களுக்கு அதுதான் வேணுமா?"

"சேச்சே" என்றார். வாய்தான் சொன்னது. அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயம்தான் அந்தப் போன்களில் முக்கால்வாசி. மிச்சம் பொறாமை. இறங்கித் தொலைத்தால் நிம்மதி என்று ஒரு நொடி நினைத்துவிட்டார். அப்படி நினைத்ததற்காக அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

இன்று காலையிலிருந்தே காற்று. கறியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். போனைத் தள்ளி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கூரைகளுக்கு அப்பால் அவளுடைய கிரேனின் நீண்ட கரம் திரும்பித் திரும்பி வேலை செய்தது. மத்தியானம் அது நின்றது. எழுந்தார், உட்கார்ந்தார். போனையும் தொடவில்லை, கதவையும் தொடவில்லை.

போன் அடித்தது. அவள்தான்.

"என்னங்க, நல்லாருக்கீங்களா? தலை கிலை சுத்தி விழுந்துட்டீங்களா?"

"எனக்கென்ன? நீ ஏன் நிறுத்திட்ட?"

"காத்து அடங்கட்டும்னு எல்லாரையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. அத விடுங்க. நீங்க கதவத் திறந்தா நம்ம வீட்டுக்குப் பின்னாடி குப்புனு புகை கெளம்பும், இங்கேருந்து நல்லாத் தெரியும். அதப் பாத்துதான் மனுஷன் நல்லாருக்காருன்னு என் வேலையப் பாப்பேன். இன்னிக்கு ஒண்ணையும் காணோம். அதான் போன் போட்டேன்."

தான் மட்டும்தான் காவல் காப்பதாக நினைத்திருந்தார் மனுஷர். எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தார்.

"தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. மூடுங்க, கறி வீணாப் போயிடும்."

மூடினார். வழக்கமான கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, கீழே இறங்கிய நாளிலிருந்து யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"மேலேருந்து வேற என்னல்லாம் தெரியுது, சொல்லு."