பெயர்கள் மேல் நடக்காதவர்

பாரிசின் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் றெமிஜியஸைத் தெரியாதவர்கள் மீன் சாப்பிடாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். குகதாசனின் கடைக்குள் மரக்கறிப் பெட்டிகளைத் தாண்டிப் பின்பக்கம் போனால், ஐஸுக்கு மேலே பாரையும் விளைமீனும் கிடக்கும். அதற்குப் பின்னால் ரப்பர் ஏப்ரனோடு அவர் நிற்பார். மன்னார் பேசாலைக்காரர். செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஏறிவிடும். "நான் வைச்ச மீனையோ சோதிக்கிறியள்?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். கேட்டுவிட்ட குறைக்கு ஒரு துண்டு கூடப் போட்டும் கொடுப்பார்.

அவரிடம் விசித்திரமான பழக்கம் ஒன்று உண்டு. லாச்சப்பலில் யாராவது இறந்துபோனால் சுவர்களிலும் கடை ஷட்டர்களிலும் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவார்கள். இரண்டு மழைக்குப் பசை விட்டுவிடும். மாலையும் பொட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்த முகம் நடைபாதையில் விழுந்து கிடக்க, கறிவேப்பிலைப் பையோடு சனம் அதற்கு மேலே போகும், வரும். றெமிஜியஸ் மட்டும் குனிந்து எடுப்பார். துடைத்து, மடித்து, தராசுக்குக் கீழே வைப்பார்.

"றெமி அண்ணை, செத்தவையை எல்லாம் கடைக்குள்ளை கூட்டிக்கொண்டு வராதேங்கோ. யாவாரம் படுத்திடும்," என்பார் குகதாசன்.

"மிதிபடவிடச் சொல்லுறியோ?" என்று றெமிஜியஸ் ஒரு பார்வை பார்ப்பார். குகதாசன் மரக்கறிப் பக்கம் போய்விடுவார்.

இவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷன் ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் ஒரு பொய் சொன்னார். கார்த்திகை பிறந்தால், மாவீரர் நினைவுநாள் மண்டபத்தில் வைப்பதற்கு இறந்த போராளிகளின் படங்கள் சேகரிப்பவர்கள் கடை கடையாக வருவார்கள். "உங்கடை குடும்பத்திலை ஆரும் இருக்கினமோ அண்ணை?" என்று கேட்பார்கள்.

"இல்லை. எங்கடையிலை ஒருத்தரும் இல்லை," என்று ஐஸைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

ஒருத்தன் இருந்தான். தம்பி. ஒருவருக்கும் சொல்லாமல் இயக்கத்துக்குப் போனவன், அந்த ஆண்டு முடிவதற்குள் பெட்டியில் வந்தான். துயிலும் இல்லத்தில் அவனுக்கு ஒரு கல்லும் அதில் ஒரு பெயரும் இருந்தன. தாய் போய்ப் பூ வைத்துவிட்டு வருவார். றெமிஜியஸ் பாரிசுக்கு வந்தபின் தகப்பன் தொலைபேசியில், "தம்பியைப் பற்றி வெளியிலை வாய் திறக்காதை. எங்களுக்குத்தான் வில்லங்கம்," என்று சொல்லியிருந்தார். போர் முடிந்தபோது அந்த நிலத்தை ஆமி மெஷின் விட்டு உழுதுவிட்டது. பிறகு யாரோ அனுப்பிய வீடியோவில் அது வெறும் வெளியாகக் கிடந்தது. கல்லுகள் இருந்த இடத்தில் சப்பாத்துக்காரர்கள் நடந்து திரிந்தார்கள். அவர் அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்.

பிறகு தாயும் போனார், தகப்பனும் போனார். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை. ஆனால் மூடின வாய் மூடினபடியே பழகிவிட்டது. மனைவி ஞானமலருக்கு எல்லாம் தெரியும். பாரிசுக்குப் பக்கத்தில் பியர்ஃபித்தில் பிறந்து வளர்ந்த ஒரே மகள் டிலானிக்கு, தனக்கு ஒரு சித்தப்பா இருந்த விஷயமே தெரியாது.

டிலானி படிக்கவென்று லண்டனுக்குப் போய், அங்கேயே வேலை எடுத்து, தோமஸ் என்ற வெள்ளைக்காரப் பெடியனையும் எடுத்துக்கொண்டாள். "பேராவது எங்கடை பேர்," என்று மன்னார்ச் சொந்தங்கள் மனதைத் தேற்றிக்கொண்டன. றெமிஜியஸுக்கு மெய்யாகவே அவனைப் பிடித்திருந்தது. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிச் சாப்பிட்டான். இதற்கு மேல் ஒரு மருமகனிடம் என்ன எதிர்பார்ப்பது?

கல்யாணம் தோமஸின் ஊர்க் கோவிலில். அது அங்கிலிக்கன் கோவில், இவர்கள் கத்தோலிக்கர்; அந்த வேத வித்தியாசத்துக்குப் பாரிஸ் சுவாமியாரிடம் சொல்லி அனுமதியும் எடுத்தாயிற்று. முதல்நாள் வெள்ளிக்கிழமை, கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து லண்டனுக்கு ஒரு ரயில், அங்கிருந்து இன்னொன்று. இறங்கினால் சின்னச் சந்தை நகரம். சந்தைச் சதுக்கத்தில் மீன் வண்டி ஒன்று நின்றது. றெமிஜியஸ் போய் மீனின் கண்ணைப் பார்த்துவிட்டு, "நேற்றையான்," என்று தமிழில் தீர்ப்புச் சொன்னார். கூட்டிக்கொண்டு போக வந்த மகள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் கடைசி.

கோவில் சதுக்கத்தின் ஒரு மூலையில் இருந்தது. எண்ணூறு வருஷக் கோவில் என்று தோமஸின் தாய் சொன்னார். உள்ளே போனவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், றெமிஜியஸும் பார்த்தார். கூரை முழுக்க மரத்தில் செதுக்கிய, சிறகு விரித்த சம்மனசுகள். சுவர் மாடங்களில் நின்ற அர்ச்சிஷ்டவர்களின் சிலைகளுக்கு முகமில்லை; ஏதோ ஒரு காலத்துச் சண்டையில் கொத்தி எடுத்துவிட்டார்களாம். அது அவருக்கு நல்லாயில்லை. பார்வையைக் கீழே இறக்கினார்.

காலுக்குக் கீழே எழுத்து இருந்தது.

கறுத்த கல். ஒரு பெயர், ஒரு வருஷம். பாதிப் பெயர் தேய்ந்து போயிருந்தது. அடுத்த கல்லிலும் பெயர். வாசலிலிருந்து பீடம் வரைக்கும், நாளைக்கு அவர் மகளின் கையைப் பிடித்து நடக்க வேண்டிய வழி முழுவதும், ஆட்களைப் புதைத்திருந்தார்கள். அவர் சட்டென்று காலைத் தூக்கினார். வைப்பதற்கு இடமில்லை.

வெள்ளை உடுப்புப் போட்ட பெண் குருவானவர் ஒத்திகைக்குக் கூப்பிட்டார். ஓர்கன் தொடங்கியது. றெமிஜியஸ் இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் கால்விரல் நுனியை ஊன்றி, சேற்று வரம்பில் போகிறவரைப் போலச் சரிந்து சரிந்து போனார். டிலானியின் கை இழுபட்டது. தோமஸின் தாய் பாவம், நல்லெண்ணத்தோடுதான் சிரித்தார்.

"பப்பா, நேரா நடவுங்கோ."

"ஏலாது பிள்ளை. நான் முன்னுக்குப் போய் நிக்கிறன். நீ தனிய வா."

டிலானி கையை விட்டாள். முகம் சிவந்துவிட்டது. குருவானவர் பக்கத்தில் வந்து, கல்லுகள்தான் கஷ்டமென்றால் விரிப்புப் போடலாமே என்றார். மகள் வெறுப்போடு அதைத் தமிழில் சொன்னாள்.

"மூடிப்போட்டால் கீழை ஆக்கள் இல்லையெண்டு ஆகிவிடுமோ?" என்றார் றெமிஜியஸ்.

முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஞானமலர் தலையை நிமிர்த்தினார். "அதை நீங்கள் சொல்லுறியளோ?" என்று மட்டும் கேட்டார்.

வெளியே, மூன்று பேருமாகக் கல்லறைகளுக்கு விலகி, சேமக்காலைப் புல்லில் நின்றார்கள். டிலானி பிரெஞ்சில் படபடவென்று தொடங்கி, பிறகு தமிழுக்கு வந்தாள். "தோமஸைப் பிடிக்கேல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ. அவன் வெள்ளை, அவன்ரை கோயில் எங்கடையில்லை, அதுதானே? அதுக்கு ஏன் கல்லைச் சாட்டுறியள்?"

"இஞ்சேருங்கோ," என்றார் ஞானமலர் கணவனிடம். "நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

றெமிஜியஸே சொன்னார். தம்பி போனது, பெட்டி வந்தது, கல் வைத்தது, மெஷின் உழுதது. மீன் வெட்டுகிற மாதிரி, எலும்பு எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டு அதை விலத்தி விலத்திச் சொன்னார். டிலானி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு சித்தப்பா இருந்தவரா?"

"ஓம்."

"பேர் என்ன?"

அவர் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. டிலானி தாயின் பக்கம் திரும்பினாள். ஞானமலர் தலையை ஆட்டினார். "அதை உன்ரை அப்பாதான் சொல்லவேணும்."

மகள் தகப்பனைப் பார்த்துச் சொன்னாள். "அங்கை அவங்கள் கல்லை உடைச்சவங்கள் எண்டு உங்களுக்கு நோகுது. எனக்கு அந்தப் பேரை இல்லாமல் செய்தது ஆர்?"

அவள் தோமஸிடம் போய்விட்டாள். றெமிஜியஸ் திரும்பக் கோவிலுக்குள் போனார். ஒருவரும் இல்லை. ஓரமாகக் குந்தி, செதிள் தடவுகிற விரலால் ஒரு கல்லைத் தடவிப் பார்த்தார். முன்னூறு வருஷம் மிதித்தும் அந்த எழுத்து விரலில் தட்டுப்பட்டது. குனிந்து பார்க்கிற எவனும் அதை வாசிக்கலாம். அவருக்குக் கீழே கிடந்த அந்த இங்கிலாந்துக்காரன் மீது பொறாமை வந்தது. பிறகு வெட்கம் வந்தது. மெஷின் உழுதது ஒரு நாள்தான். மிச்சம் எல்லா நாளும் அந்தப் பெயருக்கு மேலே நின்றுகொண்டிருந்தது அவரேதான்.

மறுநாள் வாசலில் வெள்ளைச் சேலையோடு டிலானி நின்றாள். முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். ஓர்கன் முழங்க, சனம் எழும்பியது. விரிப்பு ஒன்றும் இல்லை. முதல் கல்லுக்கு முன்னால் அவருடைய கால் தானாக நின்றுவிட்டது.

டிலானி குனிந்து கல்லைப் பார்த்தாள். "ஜோன்," என்றாள் மெதுவாக. அவர் விளங்காமல் பார்த்தார். "பேரைச் சொல்லிப்போட்டு வைப்பம், பப்பா. ஜோன்."

அவர் காலை வைத்தார். "மார்த்தா," என்றாள். வைத்தார். "எட்வேட்." பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மணப்பெண் செபம் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அடியாக, தகப்பனும் மகளும் கோவிலின் முக்கால்வாசியைக் கடந்துவிட்டார்கள்.

பீடத்துக்குக் கிட்டே கிடந்த கடைசிக் கல்லில் ஒன்றுமே இல்லை. அவ்வளவையும் காலடிகள் தேய்த்து எடுத்துவிட்டிருந்தன. டிலானி நின்றாள்.

"இதிலை பேர் இல்லை," என்றாள். கையை விடவில்லை. முன்னாலே தோமஸ் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். ஓர்கன்காரர் பாட்டைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். டிலானி காத்துக்கொண்டிருந்தாள்.

"கபிரியேல்," என்றார் றெமிஜியஸ்.

நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. முன்வாங்கில் ஞானமலர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"கபிரியேல்," என்று அவர் இன்னொருதரம் சொன்னார். "உன்ரை சித்தப்பா." அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.