இழுத்துப் பாடிய கிள்ளான்காரன்

அக்காவின் பழைய இழுப்பறையைத் திறந்ததும் கேசட் நாடாவின் புளித்த வாடை அடித்தது. உடனே பிரிக்பீல்ட்ஸில் இப்போது இல்லாத அந்தப் பாட்டுக்கடையும், வாசலில் தொங்கிய ஒலிபெருக்கியும், வெயிலில் சூடேறி முனகும் கேசட் மெஷினும், புது கேசட் வந்தால் முதலில் தெருவுக்கே போட்டுக் காட்டும் கடைக்காரரும் என எல்லாம் நினைவுக்கு வந்தன. எங்கள் கிள்ளான் ஊர்ப் பாடகனின் புது ஆல்பம் வந்த சனிக்கிழமை, அவன் படத்தை அலமாரியில் ஒட்டி வைத்திருந்த அக்கா, பாட்டைக் கேட்பதற்கு முன்பே ஒரு கேசட்டை வாங்கிக்கொண்டு, என்னையும் தோழிகளையும் இழுத்துப்போய் ஒலிபெருக்கி முன்னால் நின்றாள்.

முதல் பாட்டு முடியக்கூட இல்லை.

“என்ன லா இது, சளி புடிச்ச எருமை மாதிரி இழுக்குறான்!” என்றாள் அக்கா.

“பேர் வந்ததும் திமிரு!” என்றாள் ஒரு தோழி.

“பாடுறானா, தூங்குறானா?” என்றாள் இன்னொருத்தி.

அன்றே அக்கா படத்தைக் கிழித்தாள். கேசட்டை வீட்டில் போடவே இல்லை.

இன்று இழுப்பறையில் கிடந்த அதை நான் போட்டேன். குரல் கணீரென்று துள்ளியது. இழுத்தது அவனல்ல, பெல்ட் தளர்ந்து மெதுவாகச் சுற்றிய அந்தக் கடை மெஷின். தெரிந்த பாட்டாக இருந்தால் கண்டுபிடித்திருப்போம். அக்காவுக்குப் போன் போட்டு, பேசாமல் அதை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன். முழுப் பாட்டையும் கேட்டாள்.

“இப்ப வந்து நல்லாப் பாடுறானா, படுபாவி!” என்று போனை வைத்தாள்.